மகமைக் கணக்கும் மண்டபம் முகாமும்: ‘கடமையே’ அணி உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், நாங்கள் மைக்கைச் சரிசெய்யும் முன்பே வந்து முன் வரிசையைப் பிடித்துவிட்ட காரைக்குடி ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

‘எல்லைக்கு அப்பால் இருக்கும் மனிதருக்கு நாம் செய்வது கடமையா, கருணையா?’ இதுதான் தலைப்பு. கருணைதான் என்று பேசிய எதிரணித் தலைவர் இரண்டு கேள்விகள் போட்டார். “தனக்கு மிஞ்சித்தானே தானம்? முன்பின் தெரியாத தேசத்துக்காரனுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?” என்பது ஒன்று. “சர்வதேசச் சட்டம் என்கிறீர்களே, அதை மீறினால் பிடித்துக்கொண்டு போக எந்த ஊர்ப் போலீஸ் வரும்?” என்பது இன்னொன்று. கைதட்டலும் நிறைய வாங்கினார். புறநானூற்று வரியைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், என் அணியில் முன்னால் பேசியவர் அதை மூன்று முறை சொல்லிவிட்டார். அதனால் நான் கணக்குப் பேசுகிறேன். கணக்குப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

தனக்கு மிஞ்சித்தான் தானம். சரி. ஆனால் இந்த ஊர் அப்படியா நடந்துகொண்டது? ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் நடத்தப் போன நகரத்தார் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். தொழிலில் வருவதில் ஒரு பங்கு தர்மத்துக்கு. மனசு குளிர்ந்த அன்றைக்கு எடுத்துக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை இது. பேரேட்டில் ஏறிவிடும். முதலாளி அன்றைக்குக் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று மகமை பார்க்காது. கோயிலும் சத்திரமும் பாடசாலையும் அதில்தான் நடந்தன. காசிச் சத்திரத்தில் கை நனைத்த யாத்ரீகரின் முகத்தை இங்கே கணக்கெழுதியவர் பார்த்திருப்பாரா?

அடுத்ததைச் சொல்கிறேன், ஆச்சிமார் கோபிக்கக் கூடாது. இங்கே பெரிய வீடுகளின் முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது. கட்டிப்பிடித்தால் இரண்டு கை விரலும் ஒன்றையொன்று தொடாது, அத்தனை பருமன். அந்தத் தூண் வாங்கிய பணம் கீழ் பர்மாவின் நெல் வயலில் விளைந்தது. 1930இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. வாங்கிய கடனை அடைக்க முடியாமல் பர்மிய விவசாயி நிலத்தை விட்டான். அங்கே முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் நம் நகரத்தார் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை, ரொக்கம்தான் கேட்டார்கள். விலை விழுந்ததும் அவர்கள் குற்றமில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நிலம் போனது போனதுதானே? அப்புறம் 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள். காட்டு வழியில் நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் வந்து சேரவே இல்லை. இரண்டு பக்கமும் அடி. இதில் ‘முன்பின் தெரியாதவன்’ யார், எதிரணித் தலைவர் ஐயா?

தாமஸ் போகே என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் சொல்வதும் இதுதான். ஏழை நாட்டவருக்கு உதவாமல் இருப்பதோடு நம் தவறு முடிவதில்லை. அவர்களை ஏழையாகவே வைத்திருக்கும் உலக ஏற்பாட்டில் நாமும் பங்காளிகள் என்கிறார். துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தவன் நாட்டின் பெயரில் கடன் வாங்கலாம், உலகம் கொடுக்கும். அவன் போன பிறகு கட்டுவது ஜனங்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு வாங்கிய கடனை, 1994இல் வந்த மண்டேலா அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. வட்டிக்கடை நடத்திய ஊர் இது, நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்குள் புகுந்த திருடன் வீட்டுக்காரர் பெயரில் புரோநோட்டு எழுதிக் கொடுத்தால் கடையைப் பார்த்துக்கொள்ளும் எந்த மேலாள் அதை வாங்கிப் பெட்டியில் வைப்பார்?

“கருணை என்றால் என்ன குறைச்சல், சோறு ஒன்றுதானே” என்றும் சொன்னார் ஐயா. இங்கிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்களுக்குத் தமிழ்நாடு இடம் கொடுத்தது, அரிசி கொடுத்தது, உதவித்தொகை கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. கொடுத்தது எல்லாம் அரசின் தயவு. அதனால்தான் முகாமிலேயே பிறந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்ற பலருக்கும் இன்னும் குடியுரிமை இல்லை. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். பலகைதான் மாறியது. இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1795லேயே எழுதிவிட்டார்: வந்து சேர்ந்த அந்நியனைப் பகைவனாக நடத்தாமல் இருப்பது பரோபகாரம் இல்லை, அவனுடைய உரிமை.

கடைசியாகப் போலீஸ். இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மகமைக்கும்தான் போலீஸ் இல்லை! சரி, இப்போது மியான்மர் என்று பெயர் மாறிய அதே பர்மாவுக்கு வருவோம். 2017இல் ராணுவ நடவடிக்கைக்குப் பயந்து அங்குள்ள சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். மற்றப் பக்கத்து நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. 2019இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது யார்? காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலுக்கு நடுவே ஆற்றங்கரை ஓரமாக ஒரு கீற்றுப் போலக் கிடக்கும் குட்டி நாடு. “உனக்கு என்ன நஷ்டம்? வழக்குப் போட நீ யார்?” என்று மியான்மர் கேட்டது. நம் எதிரணித் தலைவர் கேட்ட அதே கேள்வி! 2022 ஜூலையில் நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. 1948இன் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்த எந்த நாடும், தனக்கு நேரடி நஷ்டம் இல்லாவிட்டாலும், இன்னொரு நாட்டைக் கேள்வி கேட்கலாம் என்றது.

காம்பியா செய்தது கருணை என்றால், நீதிமன்றம் அதை வழக்காக எடுத்துக்கொண்டது எப்படி? எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அம்மா இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.