வரைபடத்தில் இருக்கும் ஊர், நிலத்தில் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ஆட்டன் என்றொரு ஊர். அதற்குப் பக்கத்திலேயே, ஏ-59 சாலையை ஒட்டி, ஆர்கில்டன் என்று இன்னோர் ஊரையும் கூகுள் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தது. 2008-இல் எட்ஜ் ஹில் பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் கண்ணில் இது பட்டது. பல்கலைக்கழகம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் இப்படி ஓர் ஊரைக் கேள்விப்பட்டதில்லை. மறுவருஷம் அவருடைய சக ஊழியர் நடந்தே போய்ப் பார்த்தார். வெறும் வயல்.

ஆனால் அப்போது இணையத்தில் தேடினால் ஆர்கில்டனுக்கு வானிலை அறிக்கை இருந்தது. வேலைவாய்ப்பு, வீடு வாடகை விளம்பரமும் இருந்தது! அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் வரைபடத் தரவில் பக்கத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைத் தானாகவே ஒட்டிவிடுகிற மென்பொருள்களின் வேலை அது. அந்த விளம்பரங்களில் வந்த வீடும் கடையும் நிஜம், ஊர்தான் இல்லை. 'இத்தனை இடத்தில் போட்டிருக்கிறதே, பொய்யாகவா இருக்கும்?' என்று கேட்பார்கள். அத்தனையும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஊர்ப்பெயரைச் சரிபார்க்கிறவர் எத்தனை பட்டியலில் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, அந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கடைசியாக 2010 வாக்கில் கூகுள் அந்தப் பெயரை எடுத்துவிட்டது.

சில பெயர்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. 1930-களில் அமெரிக்காவில் ஒரு வரைபட நிறுவனம், நியூயார்க் மாநிலத்தில் ஒரு மண்சாலைச் சந்திப்பில் 'அக்ளோ' என்று ஒரு கற்பனை ஊரை எழுதி வைத்தது. காப்பியடிப்பவரைப் பிடிக்க வைத்த பொறி. பிறகு ராண்ட் மக்நாலி என்ற இன்னொரு நிறுவனத்தின் வரைபடத்தில் அதே பெயர் வந்தது. வழக்கு போடுவோம் என்று முதல் நிறுவனத்தார் மிரட்டினார்கள். ராண்ட் மக்நாலிக்காரர்களோ, மாவட்ட நிர்வாகத்திடம்தான் பெயரை வாங்கினோம் என்றார்கள். நடந்தது என்ன? வரைபடத்தைப் பார்த்த யாரோ அந்த இடத்திலேயே 'அக்ளோ' என்ற பெயரில் ஒரு பலசரக்குக் கடை திறந்திருந்தார்கள்! அப்புறம் அந்தக் கடையும் மூடப்பட்டது. அங்கே போய்ப் பார்த்து எழுதினாலும், என்றைக்குப் பார்த்தோம் என்று தேதி போட வேண்டும் என்பேன்.

செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும், பெயரைக் காட்டாது. பெயரை அங்கே குடியிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 6,40,000 கிராமங்கள். அவற்றில் 40,000-க்கும் மேற்பட்டவற்றில் ஒருவர்கூட இல்லை. இங்கே கிராமம் என்பது வருவாய்க் கிராமம், அதாவது நிலக் கணக்கு. எல்லை இருக்கும், புல எண் இருக்கும், பட்டாவும் இருக்கும். ஆளில்லாத இந்தக் கிராமங்களில் வீடு மட்டும் இருக்காது. இதை ஆர்கில்டனோடு சேர்த்து 'பொய் ஊர்' என்று அழித்துவிடக் கூடாது. பத்திரத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். பெயரை வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'குடியிருப்பு இல்லை' என்று குறித்துவிட்டால் போதும்.

வணக்கம்.