பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

அடுத்த கேள்வி, ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை அனுப்பியது. “எங்கள் பள்ளியில் கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, வாரம் ஒரு நூலகப் பாடவேளையும் உண்டு. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரவில்லை. என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்.

சரி டீச்சர், நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? ஹெச்.எம். அறை பீரோவிலா? சாவி யாரிடம்? பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லும் பல பள்ளிகளில் பீரோ பூட்டித்தான் கிடக்கிறது. புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன், இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்குத்தானே அந்தக் கவலை தெரியும்!

ஆனால் ஒரு விஷயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நூலகத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் புத்தகம் படிக்கக் கொடுத்தால் 5 தொலைவது இயல்புதான், அதில் அலட்சியமோ மோசடியோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்கிறது. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் கணக்கு எழுதுகிற அரசாங்கமே, புழங்கினால் கொஞ்சம் தொலையும் என்று ஒப்புக்கொள்கிறது பாருங்கள். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார், 1924-இல்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்.

அதனால் முதலில் பீரோவைத் திறந்துவிடுங்கள். வகுப்பில் கயிறு கட்டி, அட்டைப்படம் தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைச் சின்னப் பிள்ளை எடுக்காது. வழங்கல் நோட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று அவர்கள் நம்மைவிடக் கறாராகக் கேட்பார்கள். வீட்டுக்கும் கொண்டுபோகட்டும். தம்பி கிழித்துவிட்டான் என்று வந்து நின்றால் செல்லோ டேப் ஒட்டிக் கொடுங்கள், திட்ட வேண்டாம்.

அப்புறம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மீதியை யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைதான் கவனம் வேண்டிய இடம். ‘ஆர்வமில்லை’ என்று நாம் நினைப்பதில் பாதி, படிக்க வராததுதான். அதை வெளியே காட்டக் கூச்சம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள் உண்டு. நான்கையும் ஒன்றாகக் கலந்து தொங்கவிடுங்கள். இன்னாருக்கு இன்ன நிலை என்று எல்லார் முன்னாலும் பிரித்துக் கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் ‘நுழை’ புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டுமே.

படித்ததும் சுருக்கம் எழுதி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வீட்டுப்பாடம் ஆகிவிடும், அடுத்த வாரம் பாதிப் பேர் கயிற்றுப் பக்கமே வர மாட்டார்கள். நன்றாக இருந்ததா என்று போகிற போக்கில் கேளுங்கள், போதும்.

இன்னொன்று, சிலபஸ் முடியவில்லை என்று அந்த நூலகப் பாடவேளையை யாராவது கேட்டு வருவார்கள். விளையாட்டுப் பாடவேளைக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கும். முடியாது என்று சொல்லுங்கள், ஹெச்.எம். கேட்டாலும்கூட. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.