வயலிலிருந்து நீதிபதி இருக்கைக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் வாழ்வை மாற்றியது வீதிப் போராட்டமா, பதவிக்கு வந்த அவர்கள் பிள்ளைகளா?' என்ற கேள்விக்கு, 'பிள்ளைகளே' என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1965-ல் டெலானோவில் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை நெகிழ்ந்து சொன்னார். அந்தத் தியாகத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்க நேர்ந்தது? 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குச் சங்க உரிமை தந்தது. பண்ணைத் தொழிலாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவனுக்காக வாதாட, சட்டம் இயற்றிய இடத்தில் வலுவான குரல் இல்லை.

என் சாட்சி குரூஸ் ரெய்னோசோ. மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1931-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு வயல் வேலைக்குப் போனவர். அவர் வளர்ந்த லா ஹப்ராவில் மெக்சிகோ மக்களின் குடியிருப்புக்குத் தபால்காரர் வரமாட்டார். சிறுவன் ரெய்னோசோ அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, வாஷிங்டனில் இருந்த தபால் துறைத் தலைவருக்கே எழுதினான். தபால் வந்தது! கையெழுத்து வாங்கியதும் போராட்டம்தானே என்பார் எதிரணியார். சரி, ஆனால் உத்தரவு போட்டது யார்? அந்த நாற்காலியின் வலிமையை அவன் அன்றே கண்டுகொண்டான்.

படித்து வழக்கறிஞரானவர், கலிபோர்னிய கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பின் இயக்குநரானார். அவர் காலத்தில், 1970-ல், அந்த அமைப்பு சோலெடாட் ஊரின் ஒன்பது குழந்தைகளுக்காக வழக்குத் தொடுத்தது. ஸ்பானிஷ் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து, 'மனவளர்ச்சி குன்றியோர்' வகுப்பில் தள்ளியிருந்தார்கள். தாய்மொழியில் சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை என்று தெரிந்தது. நெஞ்சு கொதிக்கிறது நடுவர் அவர்களே! முதுகை ஒடித்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து 1975-ல் தடை செய்யப்பட்டதற்கும் இதே அமைப்பின் வழக்கறிஞர்களே வழக்காடினார்கள்.

1982-ல் ரெய்னோசோ கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நீதிபதியானார். 1984-ல் அகிலார் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பைப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத குற்றம்சாட்டப்பட்டவருக்கு விசாரணை முழுவதும் மொழிபெயர்ப்பாளர் துணையிருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளரைச் சாட்சிக்காக எடுத்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை எதுவும் புரியாமல் தவிக்கவிடக் கூடாது. அம்மாநில அரசமைப்பு 1974-லேயே தந்த உரிமை அது. ஏட்டில் இருந்ததற்கு உயிர் கொடுக்க அந்த இருக்கையில் ஒருவர் வேண்டியிருந்தது.

'1986-ல் வாக்காளர்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்களே' என்று எதிரணியார் கேட்கக்கூடும். இறக்கினார்கள். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியில் தொடர வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். மரண தண்டனையை மையமாக வைத்து நடந்த கடும் பிரசாரம் அது. அதன்பின் அவர் சட்டம் கற்பித்தார். அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்தார். 2000-ல் சுதந்திரத்துக்கான அதிபர் பதக்கம் பெற்றார். வாக்குச்சீட்டு அவருடைய நாற்காலியைப் பறித்தது. 1984-ல் அவர் எழுதியதைப் பறிக்கவில்லை. எதிரணியார் இதற்குப் பதில் சொல்லட்டும்.