ஸ்டார்ட்டர் படுத்துவிட்டால் இன்னிங்ஸை யார் வீசுவது?

அவையோருக்கு வணக்கம். இன்று பேஸ்பால் அணியில் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர் (பந்து வீசுபவர்), அதாவது ஸ்டார்ட்டர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குக் காயம் என்றால் இரண்டாம் பேஸில் நிற்பவரை நகர்த்திவிடலாம். அவர் நாளைக்கும் ஆடுவார், நாளை மறுநாளும் ஆடுவார். ஸ்டார்ட்டர் கதை வேறு. ஒருநாள் வீசினால் வழக்கமாக நான்கு நாளாவது ஓய்வு வேண்டும். ஐந்து பேர் சுற்றில் ஒருவர் விழுந்தால் அந்தப் பாரம் அணியின் எல்லாப் பிட்சர்களின் தோளிலும் இறங்கும்.

எனவே, "அவருக்கு ஈடான ஆள் யார்?" என்று தேடுவது வீண். அப்படி ஒருவர் சும்மா இருந்தால் வேறு அணி முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். எத்தனை இன்னிங்ஸ் குறைகிறது, அதை யார் யாருக்குப் பங்கிடுவது என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதம் ஆட முடியாத ஸ்டார்ட்டர் ஏறக்குறைய 11 ஆட்டங்களைத் தவறவிடுவார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தரையை அவர் வீசுவார் என்றால் மொத்தம் 60. மைனர் லீகின் (கீழ்மட்ட லீகின்) உச்சப் படியான டிரிபிள்-ஏ நிலையிலிருந்து வரும் இளைஞர் சராசரியாக நான்கு இன்னிங்ஸ் தாங்கினால் 44 ஆயிற்று. மீதி 16 இன்னிங்ஸ், புல்பென்னில் காத்திருந்து ஸ்டார்ட்டருக்குப் பின் வீசும் ரிலீவர்களின் தலையில் விழும். இன்னிங்ஸுக்கு 16 பந்து என்று வைத்தாலும் 250 பந்துக்கு மேல். இது ஏற்கெனவே வீசிக்கொண்டிருப்பதற்கு மேல் வரும் கூடுதல். பல அணிகள் சறுக்குவது இங்கேதான். இளைஞர் மோசமாக வீசி அவர்கள் தோற்பதில்லை. அவருக்குப் பின் வரும் ரிலீவர்கள் களைத்துப்போய், மற்ற நான்கு ஸ்டார்ட்டர்களின் ஆட்டங்களையும் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்றையும் பலர் எண்ணுவதில்லை. புல்பென்னில் எழுந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ஆட்டத்துக்குள் இறங்காமலே உட்கார்ந்துவிடும் ரிலீவர் வீசிய பந்துகள் ஸ்கோர் அட்டையில் வராது. கைக்கு மட்டும் தெரியும். தினசரிக் குறிப்பில் அதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

அடுத்து அமெரிக்க மேஜர் லீகின் விதிமுறை. ஆடும் பட்டியலில் 26 பேர். அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. காயப் பட்டியலில் போட்டால் பிட்சர் குறைந்தது 15 நாள் வெளியே இருக்க வேண்டும். அந்த நாள்களை மூன்று நாள் வரை முன்தேதியிடலாம். நீண்ட காயம் என்றால் 60 நாள் பட்டியல். அது, ஆடும் 26 பேரையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியலில் ஓர் இடத்தைத் திறந்துவிடும். மைனர் லீகுக்கு அனுப்பிய பிட்சரை 15 நாளுக்குள் திரும்ப அழைக்க முடியாது. காயமடைந்தவருக்குப் பதிலாக வந்தால் மட்டும் விலக்கு. ஒருவரையே ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்பவும் கூடாது. ஆகவே கீழே அனுப்பும் உரிமை மிச்சமுள்ள நான்கைந்து பிட்சர்களை மார்ச் மாதமே 40 பேர் பட்டியலில் வைத்திருப்பவர்தான் கெட்டிக்கார மேலாளர். ஜூலை கடைசியில் பரிமாற்றக் கெடு நெருங்கும்போது தேடினால் விலை இரட்டிப்பாகச் சொல்வார்கள், கொடுத்துத்தான் தீர வேண்டும்.

ஓப்பனர் என்ற உத்தி பலருக்கு நினைவிருக்கும். 2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி, ரிலீவரான செர்ஜியோ ரோமோவை ஏஞ்சல்ஸுக்கு எதிராக முதலில் இறக்கியது. மறுநாளும் அவரே தொடங்கினார். முதல் இன்னிங்ஸில் எதிரணியின் வலுவான மட்டையாளர்களை ஒரு நல்ல ரிலீவர் சமாளிப்பார். பிறகு நீண்ட நேரம் வீசுபவர் வரிசையின் நடுவிலிருந்து தொடங்குவார். மட்டையாளர்கள் ஒரே பிட்சரை மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் அடி பலமாக விழும். வரிசையின் உச்சியில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாம் முறை வராமலே அவரை நான்கு, ஐந்து இன்னிங்ஸ் ஓட்டலாம். அந்த ஆண்டு ரேஸ் 90 ஆட்டங்களை வென்றது.

இந்த உத்தியின் எல்லையைத் தெரிந்துகொள்ள 2024-இன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர்கள் கெர்ஷா, கிளாஸ்னோ, ஸ்டோன் மூவரும் அக்டோபர் பிளேஆஃப் ஆட்டங்களில் இல்லை. வீசவும் அடிக்கவும் வல்ல ஓட்டானி முழங்கை அறுவைக்குப் பின் மட்டை மட்டுமே பிடித்தார். எஞ்சியவர்கள் யமமோட்டோ, பியூலர், ஜூலைக் கடைசியில் டெட்ராய்டிலிருந்து வாங்கிய ஃபிளாஹர்ட்டி. நான்காம் ஆளுக்குப் பதில் புல்பென் முழுவதும்! பாட்ரெஸுக்கு எதிரான நான்காம் ஆட்டத்தில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நிலையில், எட்டுப் பிட்சர்கள் சேர்ந்து 8-0 என்று ரன்னே கொடுக்காமல் முடித்தார்கள். அதே முறையில் மெட்ஸிடம் ஓர் ஆட்டம் 7-3 என்றும், இறுதிப் போட்டியான உலகத் தொடரில் யாங்கீஸிடம் ஓர் ஆட்டம் 11-4 என்றும் தோற்றார்கள்.

என் பார்வையில் டாட்ஜர்ஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அங்கே காட்டிய நிதானம் அந்த எட்டுப் பேர் வெற்றியைவிடப் பெரிது. பின்தங்கிவிட்ட ஆட்டத்தில் முக்கிய ரிலீவர்களை எரிக்காமல், தோல்வியை ஏற்று மறுநாளுக்கு மிச்சம் வைத்தார். புல்பென் ஆட்டத்தில் இறங்குமுன்பே "எத்தனை ரன் பின்தங்கினால் யாரைத் தொடக்கூடாது" என்று எழுதிவைத்திருக்க வேண்டும். ஆட்டச் சூட்டில் அந்த முடிவு எடுக்க வராது. இது தினமும் செய்கிற வேலையும் அல்ல. அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாள் வரும், ஜூன் மாதத்தில் அந்த வசதி இல்லை.

காயம்பட்டவரின் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேகம் மணிக்கு ஓரிரு மைல் குறைவது, பந்தை விடும் உயரம் இறங்குவது, குறி தவறுவது: இம்மூன்றும் சேர்ந்து வந்தால் "இன்னும் ஓர் இன்னிங்ஸ்" என்று கெஞ்சக்கூடாது. தோள் களைத்தவர் வேறு விதமாகக் கையைச் சுழற்றுவார். இழுப்பு முழங்கையின் உள்பக்கத் தசைநாருக்குப் போகும். அது கிழிந்து, அதைச் சீரமைக்கும் டாமி ஜான் அறுவை வரை போனால் திரும்பிவர 12 முதல் 18 மாதம்.

யமமோட்டோ 2024 ஜூனில் தோள் தசை இழுப்பால் வெளியேறி, செப்டம்பர் 10 அன்றுதான் திரும்பினார். அன்று நான்கே இன்னிங்ஸ். அக்டோபரில் பாட்ரெஸுக்கு எதிராக ஐந்து, உலகத் தொடரில் ஆறும் மூன்றில் ஒரு பங்கும். கிளாஸ்னோவுக்கோ திரும்ப வரும் முயற்சியில் முழங்கை மீண்டும் வலித்தது. அந்தப் பருவத்தை அத்தோடு நிறுத்தினார்கள். அவர் அதற்குமுன் எந்தப் பருவத்திலும் வீசாத அளவு 134 இன்னிங்ஸ் ஏற்கெனவே வீசியிருந்தார்.

திரும்பும் பாதை இப்படி அமையலாம்: சமதரையில் எறிதல், பிறகு பிட்சர் நின்று வீசும் மேட்டிலிருந்து, பிறகு நிஜ மட்டையாளருக்கு எதிரே. அதன்பின் மைனர் லீக் ஆட்டங்கள், ஐந்து நாளுக்கு ஒன்று; 30 பந்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 15 கூட்டி 75 வரை. பிட்சருக்கு இந்த மைனர் லீக் கட்டம் அதிகபட்சம் 30 நாள். முதல் ஆட்டத்தில் இறங்கியதும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மேட்டிலிருந்து வீசிய மறுநாள் காலையில் கை வலி இல்லாமல் எழுகிறாரா என்று பார்த்த பிறகே அதை ஓடவிடுங்கள்.