பிழைக்கத் தெரிந்தது தவளையே!

நடுவர் அவர்களே, அம்பாசமுத்திரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிழைக்கத் தெரிந்தது பாலைவனத்து ஒட்டகமா, மழைக்காட்டுத் தவளையா என்பது தலைப்பு. எதிரணி அண்ணாச்சி ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தவர், மணி அடித்த பிறகும் இறங்கவில்லை. பத்தே நிமிடத்தில் நூறு லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்றார், சரி. அந்தத் தண்ணீரைத் திமிலில் சேர்த்து வைக்கும் என்றாரே, அங்கேதான் சறுக்கிவிட்டார். திமிலில் இருப்பது கொழுப்பு, அண்ணாச்சி! ஒட்டகத்தின் கெட்டிக்காரத்தனம் வேறு. பகலில் உடம்புச் சூட்டை 40 டிகிரி வரை ஏறவிட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கும். வெளியே விடுகிற மூச்சின் ஈரத்தைக்கூட மூக்கிலேயே நிறுத்திக்கொள்ளும். அவர் கட்சிக்கும் நானே பேச வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

அப்புறம் கேட்டார்: "மாஞ்சோலை மலையில், ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் கொட்டுகிற மழையில் தவளைக்கு என்ன கஷ்டம்?" தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் தின்ன வருகிற வாயும் இருக்கிறது. குட்டையில் முட்டையிட்டால் மீனும் பூச்சியும் விடுமா?

நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் வெண்புள்ளிப் புதர்த்தவளை என்று ஒன்று உண்டு. இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். நூறு வருடத்துக்கு மேல் ஆராய்ச்சிக்காரர் கண்ணில் படாமல் இருந்து, மறுபடி அகப்பட்டதாக 2011-இல் அறிவித்தார்கள். அது முட்டையிடும் இடம் எது தெரியுமா? மெல்லிய காட்டு மூங்கிலில், இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள பொந்து! தண்டில் குறுகலாக ஒரு ஓட்டை. அதில் உடம்பை நெருக்கி நுழைந்து உள்ளே முட்டையிடுகிறது. முட்டைக்குக் காவல் யார்? அப்பன்! (முன்வரிசை ஆண்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்?) தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நாலு காலும் முளைத்த குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

தோல் காய்ந்தால் தவளை செத்துவிடும் என்கிறார். நிஜம்தான், தோலாலேயே தண்ணீர் குடிக்கிற உயிர். அதனால்தானே ஈரம் போகாத பொந்தாகப் பார்த்துப் பிடித்திருக்கிறது!

ஒன்று கேட்கிறேன். ஒற்றைத் திமில் ஒட்டகத்தில் இன்று அசல் காட்டு இனம் எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் தன் இஷ்டத்துக்குத் திரிவதும் மனிதன் கப்பலில் கொண்டுபோய் இறக்கியதன் வாரிசுதான். தீனி போட ஆளிருந்து பிழைத்ததற்கும், மூங்கிலுக்குள் தானே இடம் பிடித்ததற்கும் ஒரே மார்க்கா? அண்ணாச்சி அணியில் அடுத்து வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வணக்கம்.