கேட்டைத் தடுப்பது சட்டமா, மக்களின் எதிர்ப்பா? – "எதிர்ப்பே" அணியில் பேசியது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில கோப்பும் கையுமா உட்கார்ந்திருக்கிற வக்கீல் ஐயாவுக்கும், பந்தி ஆரம்பிச்ச பிறகும் எழுந்து போகாம இருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

"செயற்கை நுண்ணறிவின் கேட்டைத் தடுப்பது சட்டமா, மக்களின் எதிர்ப்பா?" இதுதான் தலைப்பு. வக்கீல் ஐயா ஐரோப்பிய யூனியனோட சட்டத்தை விரிச்சுப் போட்டாரு. 2024 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, பெரிய மீறலுக்கு 3.5 கோடி யூரோ, இல்லைன்னா உலக வருவாயில 7 விழுக்காடு வரைக்கும் அபராதம்னாரு. உண்மைதான். போற போக்குல எங்களையும் ஒரு தட்டு தட்டினாரு. "1980கள்ல பேங்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்னு கொடி பிடிச்ச கூட்டம்தானே இது?" நீங்களும் கை தட்டினீங்க. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவ. அதனால ரிசல்ட்டுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

2020, இங்கிலாந்து. கொரோனாவால ஏ-லெவல் தேர்வு ரத்து. நம்ம பிளஸ் டூ மாதிரி, காலேஜ் சீட்டு அதை வெச்சுத்தான். டீச்சர்கள்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டாங்க. இந்தப் பிள்ளை எழுதியிருந்தா என்ன கிரேடு வாங்கியிருக்கும்? வகுப்புல எத்தனாவது ரேங்க்? ரெண்டையும் வாங்கிக்கிட்டு, ஆஃப்குவால்ங்கிற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு அல்காரிதத்தை, அதாவது கம்ப்யூட்டர் போடுற ஒரு கணக்கை, ஓட விட்டுச்சு. அது பெரிய வகுப்புகள்ல டீச்சர் போட்ட கிரேடை ஓரமா வெச்சுட்டு, ரேங்கை மட்டும் எடுத்துக்கிச்சு. அந்தப் பள்ளிக்கூடம் முந்தின மூணு வருஷம் வாங்கின ரிசல்ட்டை எடுத்து, அதுல இந்தப் பிள்ளைங்களை வரிசையா உட்கார வெச்சுச்சு. புரியுதுங்களா? ராத்திரி பகலா படிச்சது இவ. கிரேடைத் தீர்மானிச்சது, இவளுக்கு முன்னாடி அதே பெஞ்சுல உட்கார்ந்துட்டுப் போனவங்க. பக்கத்து வீட்டு அக்கா கருக்கின தோசைக்கு நம்ம வீட்டுப் பொண்ணுக்குத் திட்டு!

இன்னொண்ணு கேளுங்க. வகுப்புல அஞ்சு பேரோ அதுக்குக் கீழயோ இருந்தா இந்தக் கணக்கு ஓடாது, டீச்சர் போட்டதே நிக்கும். அஞ்சு பேருக்கு ஒரு வகுப்பு எங்க நடக்கும்? கட்டு கட்டா ஃபீஸ் வாங்குற இடத்துலதான் அதிகம். என் வகுப்புல 62 பேர்.

2021ல நம்ம ஊர்லயும் பிளஸ் டூ தேர்வு நடக்கலை. பத்தாவதுலேர்ந்து 50 விழுக்காடு, பதினொண்ணுலேர்ந்து 20, பன்னிரண்டுலேர்ந்து 30னு சேர்த்து மார்க் போட்டாங்க. அதுலயும் குறை உண்டு, நானே ஸ்டாஃப் ரூம்ல புலம்பியிருக்கேன். ஆனா மூணுமே அந்தப் பிள்ளை தானா வாங்கின மார்க்கு.

திரும்ப இங்கிலாந்துக்கு வர்றேன். 2020 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை, அங்க ரிசல்ட். டீச்சர் போட்ட கிரேடுகள்ல கிட்டத்தட்ட 40 விழுக்காடு இறங்கிடுச்சு. பதினெட்டு வயசுப் பிள்ளைங்க மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, கையில அட்டையோட, லண்டன்ல கல்வித்துறை வாசல்ல போய் நின்னாங்க. அல்காரிதத்தைப் பார்த்து அவங்க போட்ட கோஷத்தை, மேடை நாகரிகம் கருதி நான் தமிழ்ப்படுத்தப் போறதில்லை. ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. அரசாங்கம் இறங்கி வந்துச்சு. டீச்சர் போட்டது, கணக்கு போட்டது, ரெண்டுல எது அதிகமோ அது செல்லும்னு அறிவிச்சாங்க. அந்த மாசமே பிரதமர் போரிஸ் ஜான்சன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் 'மியூட்டன்ட் அல்காரிதம்', அதாவது திரிஞ்சு போன கணக்கு, அது மேல பழியைப் போட்டாரு. கணக்குப் போட்டவங்களை விட்டுட்டாரு, கணக்கைத் திட்டினாரு. முப்பது வருஷமா என் மாணவர்களும் அதைத்தான் செய்யறாங்க.

"அது ஏஐயே இல்லைம்மா, வெறும் புள்ளியியல்"னு வக்கீல் ஐயா குறிப்பெடுக்கிறாரு. கடிச்ச நாய் என்ன ஜாதின்னு விசாரிச்சுட்டா ஊசி போடுவாங்க?

சரி, சட்டத்துக்கே வர்றேன். நெதர்லாந்து அரசாங்கம் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வெச்சிருந்தது. வேலை, வரி, வீடு, கடன், உதவித்தொகைன்னு மக்களோட விவரங்களை ஒண்ணா இணைச்சு, யார் அரசாங்கத்தை ஏமாத்தக்கூடும்னு கம்ப்யூட்டரே குறி சொல்லும். பேரு 'சிரி'. பேருதான் சிரி, யாருக்கும் சிரிப்பு வரலை. அதை ஏவினதெல்லாம் ஏழைங்க குடியிருக்கிற பேட்டைகள்ல. ஐயா, கவனிங்க, அதுக்குச் சட்டம் இருந்துச்சு! நாடாளுமன்றம் முறைப்படி நிறைவேத்தின சட்டம், 2014லேர்ந்து அமல்ல இருந்துச்சு. அந்தச் சட்டம் ஒண்ணும் தூங்கலை. முழிச்சுக்கிட்டு வேலை பார்த்துச்சு, அந்த ஜனங்களுக்கு எதிரா.

ராட்டர்டாம் நகரத்துல தெற்குப் பேட்டை ஜனங்களுக்கு விஷயம் தெரிஞ்சுது. தொழிற்சங்கத்தோட சேர்ந்து கூட்டம் போட்டாங்க, எங்களை மட்டும் ஏன் சந்தேகப்படுறீங்கன்னு கேட்டாங்க. 2019ல மேயர் அங்க அந்த வேலையை நிறுத்தினாரு. 2020 பிப்ரவரி 5ல ஹேக் நீதிமன்றம், இது தனிமனித வாழ்வுக்கான உரிமைக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கம்ப்யூட்டர் எந்தக் கணக்குல குறி சொல்லுதுன்னு கடைசி வரைக்கும் அரசாங்கம் காட்டவே இல்லை. "நீதிமன்றம்னா சட்டம்தானே"ன்னு கேப்பீங்க. கோர்ட்டு தானா எழுந்து வந்து கேஸ் போட்டுக்குமா ஐயா? உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கமும் படியேறினதாலதான் வந்துச்சு.

இப்ப அந்த பேங்கு கம்ப்யூட்டர் கதைக்குப் பதில். 2023ல ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே 2ஆம் தேதி பேனாவைக் கீழ வெச்சாங்க. ஏஐக்கு வரம்பு வேணும்னு கேட்டதுக்குத் தயாரிப்பாளர்கள் தரப்பு முதல்ல என்ன குடுத்துச்சு தெரியுங்களா? வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, தொழில்நுட்பம் பத்திப் பேசலாமாம்! டீயும் பிஸ்கட்டும் உண்டான்னு தெரியலை. 148 நாள் நின்னாங்க. முடிவுல வந்த ஒப்பந்தத்துல, எழுத்தாளர் விரும்பி, கம்பெனியும் சம்மதிச்சா ஏஐயைப் பயன்படுத்தலாம், கட்டாயப்படுத்தக் கூடாது, ஏஐ எழுதினதைக் கையில குடுத்தா அதைச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும்னு இருக்கு. இதுல எங்கங்க 'வேண்டாம்' இருக்கு? எப்படிப் பொறுப்பா பயன்படுத்தணும்னு தெருவுல நின்னவங்களே எழுதி வாங்கியிருக்காங்க.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, முடிச்சுக்கறேன். அடுத்துப் பேச வர்ற எதிரணித் தம்பி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் தன் பேச்சை ஆரம்பிக்கட்டும். வியாழக்கிழமை ரிசல்ட்டு வந்துச்சு, திங்கட்கிழமை மாறிச்சு. நடுவுல இருந்த வெள்ளி, சனி, ஞாயிறுல இங்கிலாந்துல எந்தச் சட்டம் தம்பி மாறினது?

நன்றி, வணக்கம்.