விளக்குக் கம்பத்தடியில் ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் வீடில்லாத பெண்கள் தங்கும் ஒரு காப்பகத்தில் நான் பல வருடம் பொறுப்பாளராக இருந்தேன். நகரத் தெருக்களில் பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு முந்தானைதான் ஞாபகத்துக்கு வந்தது.

வால்டாக்ஸ் சாலைப் பக்கம் பிளாட்பாரத்தில் இருந்த ஒரு பூக்கார அம்மா. கணவர் இறந்துவிட்டார். ஏழு வயதில் ஒரு மகள். ராத்திரி படுக்கும்போது தன் சேலை முந்தானையை மகளின் கணுக்காலில் முடிந்துகொண்டுதான் படுப்பார். தூக்கத்தில் யாராவது பிள்ளையைத் தூக்கினால் முந்தானை இழுக்கும், முழிப்பு வந்துவிடும், அதற்காக. ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேரும் எங்கள் காப்பகத்துக்கு வந்தார்கள். கதவைப் பூட்டி, பக்கத்தில் இருபது பெண்கள் படுத்திருக்கிற கூடம் அது. அங்கேயும் அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். "இங்கே எதுக்கும்மா?" என்று கேட்டேன். "இல்லன்னா தூக்கம் வரமாட்டேங்குது மேடம்" என்றார்.

தெருவில் பெண்கள் பாதுகாப்பு என்றால் பொதுவாக நாம் நினைப்பது தெருவைக் கடந்து போகிற பெண்ணை. வேலை முடிந்து வருகிறவர், டியூஷன் போய்த் திரும்புகிற பிள்ளை, பஸ்ஸுக்கு நிற்கிறவர். தெருவிலேயே இருக்கிற பெண் அந்தக் கணக்கில் வருவதில்லை. சில சமயம் எதிர்ப்பக்கத்துக் கணக்கில்கூட வந்துவிடுகிறார். பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று.

பிளாட்பாரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் இரவு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படுக்கிற இடத்தை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். விளக்குக் கம்பத்துக்குக் கீழே, வாட்ச்மேன் இருக்கிற ஏடிஎம் வாசலில், ஆஸ்பத்திரி கேட் பக்கம், கோயில் மதிலோரம் என்று, நாலு பேர் கண்ணில் படுகிற இடமாகப் பார்ப்பார். கண்ணில் வெளிச்சம் அடிக்கிற இடத்தில் நமக்குத் தூக்கம் வராது. அவருக்கு அந்த வெளிச்சம் இருந்தால்தான் தூக்கம். குடும்பங்களாக இருப்பவர்கள் வரிசையாகப் படுப்பார்கள். வயசுப் பெண்கள் நடுவில், ஆண்களும் கிழவிகளும் ஓரத்தில். கடைகள் ஷட்டர் இறக்க பத்து, பதினொன்று ஆகும். அதற்கப்புறம்தான் பாய் விரிக்க முடியும். விடியும் முன்பே எழுந்து, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் சேலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட வேண்டும்.

கழிப்பறை தனிப் பாடு. பல இடங்களில் ராத்திரி பூட்டிவிடுகிறார்கள். திறந்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் காசு. அதனால் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மே மாத வெயிலில் பகலெல்லாம் தெருவில் உட்கார்ந்து வியாபாரம் செய்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். எங்களிடம் வந்த பெண்களில் சிறுநீர்த் தொற்று இல்லாதவர் அபூர்வம். மாதவிலக்கு நாட்கள் என்றால் இன்னும் கஷ்டம். அதை இந்த அளவோடு விட்டுவிடுகிறேன்.

அப்புறம் கல்யாணம். பாரிமுனைப் பக்கம் மூன்று தலைமுறையாக ஒரே பிளாட்பாரத்தில் வாழ்கிற குடும்பங்கள் உண்டு. மகள் பெரியவளானதும் அந்தத் தாய்க்கு ராத்திரி தூக்கம் போய்விடும். "ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா எவனும் கிட்ட வரமாட்டான்" என்று பதினாறு வயதிலேயே முடித்துவிடுகிறார்கள். அது தப்பு என்று நான் அவர்களிடம் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். "அப்ப நீங்க ஒரு கதவு குடுங்க" என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு கல்லூரியில் இதைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு மாணவி வந்து, "எனக்கு அந்த சுரங்கப்பாதையில போகவே பயமா இருக்கு மேடம். ரெண்டு பக்கமும் படுத்திருக்காங்க, ஒருத்தர் கையை நீட்டி வழியை மறிச்சார். எல்லாரையும் அப்புறப்படுத்தினா என்ன தப்பு?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் பயம் நிஜம். அதைத் தள்ளிப் பேச எனக்கு மனசில்லை.

அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். வழியை மறித்தால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு அதற்குத்தான். பெண்ணைத் தொட்டு மானபங்கம் செய்வது 74, பாலியல் தொந்தரவு 75, பின்தொடர்வது 78, சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்துவது 79. குழந்தையைக் கடத்தியோ ஊனமாக்கியோ பிச்சையெடுக்க வைத்தால் 139. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1998-இல் சென்னையில் கேலி செய்தவர்களால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, தனியாக ஒரு சட்டம் வந்தது. ஆக, பயமுறுத்துகிறவனைப் பிடிக்கச் சட்டத்துக்குக் குறைவே இல்லை. அவன் பிச்சை கேட்பவனாக இருந்தாலும் சரி, காரில் வருகிறவனாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தச் சுரங்கப்பாதையில் படுத்திருந்தவர்களில் கையை நீட்டி மறித்தவர் ஒருவர். மற்றவர்கள் செய்தது என்ன? அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கே இருப்பதையே குற்றமாக்குகிற சட்டங்களுக்கு ஒரு பழைய வேர் உண்டு. நெப்போலியனோடு நடந்த போர்கள் முடிந்து, வேலையில்லாமல் திரும்பிய சிப்பாய்கள் இங்கிலாந்துத் தெருக்களில் நிறைந்தபோது, 1824-இல் அங்கே அலைந்து திரிவோருக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். திறந்த வெளியில் படுப்பதும் குற்றம், கையேந்துவதும் குற்றம். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்திலேயே, 1945-இல் நம் சென்னை மாகாணத்துக்கும் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. மேல்பாக்கத்தில் பிச்சையெடுப்பவர்களுக்காக இருக்கும் அரசு இல்லம் அந்த வழியில் வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் பம்பாயில் வந்த சட்டம் இன்னும் கடுமை. பாட்டுப் பாடி, ஆடி, குறி சொல்லி, ஏதாவது பொருளை விற்கிற சாக்கில் காசு கேட்டாலும் அது பிச்சை. பிழைப்புக்கு வழி தெரியாத நிலையில் பொது இடத்தில் இருந்தாலே, பிச்சையெடுத்துத்தான் வாழ்கிறார் என்று நினைக்க இடமிருந்தால், அதுவும் பிச்சை. முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை இல்லத்தில் அடைக்கலாம். மறுபடி மறுபடி பிடிபட்டால் பத்து வருடம் வரை போகலாம்.

டெல்லியிலும் இதே சட்டம்தான் இருந்தது. 2018 ஆகஸ்ட் 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் கீதா மிட்டல், ஹரி சங்கர் ஆகிய இரண்டு நீதிபதிகள் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தார்கள். சோறும் இடமும் இல்லாதவர் கையேந்துவதைக் குற்றமாக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும், பிறரைக் கட்டாயப்படுத்திப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பல்களை அடக்க அரசு தனிச் சட்டம் கொண்டுவரலாம் என்றும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு டெல்லிக்கானது. நம் 1945-ஆம் வருடச் சட்டத்தை அது தொடவில்லை. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில், தெருவில் பிச்சையெடுப்பதைத் தடுக்கவேண்டும் என்று ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வசதியானவர்களின் பார்வையிலிருந்து இதைப் பார்க்கமாட்டோம், இது வறுமையால் வருவது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

இருந்தும் துரத்துவது நிற்கவில்லை. 2017-இல் ஹைதராபாத்தில் ஓர் உலக மாநாட்டுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள் என்று இரண்டு மாதத்துக்குப் பிச்சையெடுக்கத் தடை போட்டார்கள். இந்தூரில் 2025 ஜனவரி 1 முதல் பிச்சை போடுகிறவர்கள் மீதே வழக்கு என்று அறிவித்தார்கள்.

துரத்தும்போது என்ன நடக்கும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். "புடிச்சிட்டுப் போற வண்டி வருது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் பிளாட்பாரம் காலி. எங்கே போவார்கள்? பாலத்துக்கு அடியில், ரயில்வே சுவர் ஓரத்துச் சந்தில், கூவம் கரையில். விளக்கு இல்லாத இடங்கள். யார் கண்ணிலும் படாத இடங்கள். பூக்கார அம்மா பல வருடம் தேடிப் பிடித்து வைத்திருந்த விளக்குக் கம்பத்தடியை ஒரே நாளில் இழந்துவிடுவார். சுரங்கப்பாதையில் நடக்கும் மாணவிக்கும் அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆள்கூட இல்லாத சுரங்கப்பாதையில் அவள் தனியாக நடக்கவேண்டும். பூ விற்கிற ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தால், சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்க ஒருவராவது இருப்பார்.

என் மனசில் இன்னும் ஆறாமல் இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. எங்கள் காப்பகத்துக்கு வந்த ஒரு பெண்ணை, அவர் பிளாட்பாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்து மானபங்கம் செய்திருக்கிறான். ஆள் யார் என்றும் அவருக்குத் தெரியும். புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "அட்ரஸ் என்ன?" அவர் தெருப் பெயரைச் சொன்னார். "கதவு நம்பர்?" அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து, "வாங்க மேடம் போகலாம், அப்புறம் என்னையே வண்டியில ஏத்திடுவாங்க" என்றார். புகார் பதிவாகவே இல்லை. இப்படிப்பட்ட குற்றம் நடந்தது என்று தகவல் கொடுத்தால் எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்யவேண்டும். எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை என்ற பேச்சுகூட இதில் செல்லாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் இது இருக்கிறது. ஆனால் அடிப்பவனிடமிருந்து தப்பி ஓடவேண்டிய இடமும், தன்னைப் பிடித்துப்போக வண்டி புறப்படும் இடமும் ஒன்றாக இருந்தால், ஒரு பெண் எந்த தைரியத்தில் அந்தப் படி ஏறுவார்?

காப்பகங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். சரி. உணவுரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. வருடம் முழுக்க, ராத்திரி பகல் திறந்திருக்கவேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி என்று பின்னால் மத்திய அரசின் திட்டத்தில் அளவும் வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பில், விரிவாக்கிய சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கும் மேல். அப்படியென்றால் அன்றைய கணக்குக்கே 66 காப்பகங்கள் வேண்டும். அதற்கப்புறம் நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். தெருவில் இருப்பவர்களோ குடும்பமாக இருக்கிறார்கள். பன்னிரண்டு வயது மகனைப் பிரிந்து எந்தத் தாய் உள்ளே வருவார்? குடும்பமாகத் தங்கும் இடம் மிகக் குறைவு. நேரமும் ஒத்துவராது. பூக்கடை பதினொன்றுக்கு முடிகிறது, எங்கள் கதவை ஒன்பதரைக்குப் பூட்டச் சொன்னார்கள். நான் சில வருடம் அந்த விதியைத் தளர்த்திக்கொண்டேன். அது சரியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வீடு கொடுத்தாலும் இதே கதைதான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்குக் கோடியில் வீடு ஒதுக்கினார்கள். கதவு கிடைத்தது, பிழைப்பு பாரிமுனையிலேயே நின்றுவிட்டது. வீட்டுவேலை, மூட்டை தூக்குவது, பூ, பழம் எல்லாமே இங்கே. ராத்திரி வண்டிக்குக் கொடுக்கக் காசில்லாமல் வாரத்தில் நாலு நாள் பழைய பிளாட்பாரத்திலேயே படுத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில், பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று என்னைக் கேட்டால், கேமராவுக்கு முன்னால் கழிப்பறைதான் என்பேன். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற, காசு வாங்காத, வாசலில் ஒரு பெண் ஊழியர் உட்கார்ந்திருக்கிற கழிப்பறை. மாணவியும் அங்கே போகலாம், பூக்கார அம்மாவும் போகலாம். அடுத்தது, 2014-ஆம் வருடத் தெரு வியாபாரிகள் சட்டப்படி பூ விற்கிற, பழம் விற்கிற பெண்களுக்கு அடையாள அட்டை. கையில் அட்டை இருந்தால் யாரும் பிச்சைக்காரி என்று வண்டியில் ஏற்ற முடியாது. அப்புறம், தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் குடும்பங்களுக்கான காப்பகம்.

மழைக்காலம் வரப்போகிறது. உங்கள் தெருவில் ஒரு பெண் நனைந்துகொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால், சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பேசும்போது, பெண் ஊழியர் வரவேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். ராத்திரியில் இரண்டு ஆண்கள் வண்டியில் வந்து "ஏறு" என்றால் எந்தப் பெண்ணும் ஓடத்தான் பார்ப்பார். அதற்கும் முன்னால் அவரிடமே கேளுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, "அம்மா, மழை பெய்யுது, உள்ளே படுக்க ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா?" என்று கேளுங்கள். கூட யார் யார் இருக்கிறார்கள், மூட்டை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், மறுநாளும் கேளுங்கள். எங்கள் பூக்கார அம்மா ஆறாவது தடவை கேட்டபோதுதான் வந்தார்.

நன்றி, வணக்கம்.